எந்த ரெக்கார்டர் வாங்குவது? போன கச்சேரிப் பதிவு எங்கே கெட்டது என்று முதலில் கேளுங்கள்

"நாங்க வாசிக்கிறதை நாங்களே ரெக்கார்ட் பண்ணணும், கையில எடுத்துப் போற மாதிரி எது வாங்கலாம்?" என்று கேட்பவர்களிடம் நான் உடனே எந்தப் பெயரையும் சொல்வதில்லை. கடைசியாக எடுத்த பதிவைப் போட்டுக் காட்டச் சொல்வேன். போனில் எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. அது எந்த விதத்தில் கெட்டிருக்கிறதோ, அதை வைத்துத்தான் என்ன வாங்குவது என்று சொல்ல முடியும். பாதிப் பேருக்கு ஒரு உயரமான ஸ்டாண்டும் சரியான கேபிளும் போதும். மீதிப் பேரில் பலர் வாங்க நினைத்திருக்கும் கருவி அவர்களுடைய குறையைத் தொடவே தொடாது.

அதனால் குறை வாரியாகவே போகிறேன். உங்கள் பதிவில் என்ன கேட்கிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போய்விடலாம். ஒரே பதிவில் மூன்று நான்கு குறைகள் இருந்தால் முதலில் உடைசலைக் கவனியுங்கள், அப்புறம் தூரத்தை, அதற்கப்புறம் இரைச்சலை. உடைந்த ஒலியைப் பின்னால் ஒட்டவைப்பது பெரும்பாடு. மற்றவற்றைக் கொஞ்சமாவது தேற்றிவிடலாம்.

கச்சேரி முடிந்தது, ஃபைலே இல்லை

சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பதுதான். எனக்கு நடந்தது இப்படி. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. லெவல் பட்டை குரலுக்குத் தகுந்தபடி ஏறி இறங்கியது. ஹெட்போனில் எல்லாம் அருமையாகக் கேட்டது. இரண்டு மணி நேரம் நிம்மதியாக வாசித்துவிட்டு வீட்டுக்கு வந்து கார்டைப் போட்டால், சவுண்ட் செக்கின்போது எடுத்த 40 விநாடி மட்டும் இருந்தது. விளக்கு எரிந்தது உண்மைதான், ஆனால் விட்டுவிட்டு எரிந்திருக்கிறது. கையடக்க ரெக்கார்டர்கள் பலவற்றில் பதிவுப் பொத்தானை முதல் தடவை அழுத்தினால் தயார் நிலைக்குத்தான் போகும். இன்னொரு தடவை அழுத்தினால்தான் விளக்கு நிலையாக எரியும், திரையில் விநாடிகள் ஓடும். அன்றிலிருந்து நான் விளக்கை நம்புவதில்லை. எண் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேடைக்குப் போகிறேன்.

எண் ஓடியும் ஃபைல் இல்லையென்றால் அல்லது பூஜ்ஜியம் அளவில் கிடக்கிறதென்றால், பதிவு முடிவதற்குள் மின்சாரம் போயிருக்கிறது. நிறுத்தும் பொத்தானை அழுத்தும்போதுதான் பல கருவிகள் ஃபைலின் தலைப்பகுதியை எழுதி முடிக்கும். அதற்குள் பேட்டரி செத்தாலோ யாராவது கார்டை உருவினாலோ தரவு கார்டில் இருக்கும், கணினிக்குத்தான் படிக்கத் தெரியாது. அந்தக் கார்டில் வேறு எதையும் எழுதாமல், அதே ரெக்கார்டரில் திரும்பப் போட்டு ஆன் செய்து பாருங்கள். சில கருவிகள் தாமாகவே பழுது பார்த்துக்கொள்ளும். முடியாவிட்டால் மீட்பு மென்பொருள் இருக்கிறது. பதறிப்போய் ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

ஃபைல் இருக்கிறது, ஆனால் முழுக்க மௌனம் என்றால் உள்ளீட்டுத் தேர்வைப் பாருங்கள். வெளி மைக்கைச் செருகிவிட்டு மெனுவில் உள் மைக்கிலேயே விட்டிருப்போம், அல்லது கண்டென்சர் மைக்குக்கு (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும் வகை) ரெக்கார்டர் கேபிள் வழியாகவே அனுப்பும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரத்தை ஆன் செய்திருக்க மாட்டோம்.

வாங்கும்போது இதற்காகப் பார்க்க வேண்டியது ஒன்றுதான். பதிவு ஓடுகிறதா இல்லையா என்பது நாலடி தள்ளி நின்றாலும் தெரிய வேண்டும். கையில் வாத்தியத்தோடு இருப்பவருக்கு ஆயிரம் வசதிகளைவிட இது முக்கியம். பொத்தான்களைப் பூட்டும் வசதியும் இருந்தால் நல்லது, யாராவது ஆர்வமாக எடுத்துப் பார்க்கும்போது நின்றுவிடாது.

சத்தம் கூடும் இடமெல்லாம் கரகரவென்று உடைகிறது

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். காதுக்கு ஒரே மாதிரி கேட்டாலும் உடைவது நான்கு வெவ்வேறு இடங்களில் நடக்கலாம். எங்கே உடைந்தது என்று தெரியாமல் புது ரெக்கார்டர் வாங்கினால் அதிலும் உடையும்.

பதிவைக் கணினியில் ஏதாவது ஒரு ஒலித் தொகுப்பு மென்பொருளில் திறவுங்கள். ஆடாசிட்டி இலவசம், அதுவே போதும். உடையும் இடத்தில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அலையின் முகடுகள் கத்தியால் வெட்டியதுபோல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டை எந்த உயரத்தில் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

உச்சியில், அதாவது கருவி பதியக்கூடிய உச்ச அளவான 0 டெசிபலில் தட்டையாக இருந்தால் லெவலை அதிகமாக வைத்துவிட்டீர்கள், அவ்வளவுதான். சவுண்ட் செக்கில் யாரும் முழுக் குரலில் பாடுவதில்லை. கூட்டம் வந்து கை தட்ட ஆரம்பித்ததும் எல்லோருமே 6 டெசிபலாவது கூட வாசிப்பார்கள், டிரம்ஸ் வாசிப்பவர் இன்னும் கொஞ்சம் தாராளமாக. ஆகவே சவுண்ட் செக்கில் மிகச் சத்தமான இடம் மைனஸ் 18 பக்கம் நிற்கும்படி வையுங்கள். கச்சேரியில் அது மைனஸ் 12, மைனஸ் 10 என்று வந்து நிற்கும். "இவ்வளவு குறைத்தால் தரம் போகாதா?" என்று கேட்பார்கள். 16 பிட் பதிவின் கணக்குப்படியான வீச்சு, அதாவது மிக மெதுவான ஒலிக்கும் மிகச் சத்தமான ஒலிக்கும் உள்ள இடைவெளி, 96 டெசிபல், 24 பிட்டுக்கு 144. எந்தக் கையடக்கக் கருவியும் அந்த 144-ஐத் தொடுவதில்லை. அதனால் 24 பிட்டில் 12 டெசிபல் இடம் விட்டால் காதுக்குத் தெரியும்படி ஒன்றும் குறையாது. 16 பிட்டில் எடுப்பதற்குத்தான் இப்போது காரணமே இல்லை.

உச்சியைத் தொடாமல், மைனஸ் 8, மைனஸ் 10 என்று பாதி வழியிலேயே தட்டையாகியிருக்கிறதா? அப்படியென்றால் லெவல் குமிழுக்கு முன்னாலேயே உடைந்துவிட்டது. ரெக்கார்டரின் முன்பெருக்கி, அதாவது ப்ரீஆம்ப், திணறியிருக்கிறது. லெவல் 100-க்கு 5 அல்லது 8 என்று வைக்க வேண்டிய நிலை வந்தாலே இதைச் சந்தேகியுங்கள். பல கருவிகளில் குமிழ் தவிர தனியாக ஒரு உணர்திறன் சுவிட்ச் இருக்கும், அதைக் குறைந்த நிலைக்கு மாற்றிவிட்டு லெவலை நடுவில் வையுங்கள். வெளி மைக் என்றால் 20 டெசிபல் குறைக்கும் பேட் ஒன்றை நடுவில் போடலாம்.

மூன்றாவது, மிக்சரிலிருந்து கேபிள் போட்டவர்களுக்கு. மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். தொழில்முறை மிக்சரின் லைன் வெளியீடு சுமார் 1.23 வோல்ட். வீட்டு உபயோகக் கருவிகளின் லைன் அளவே 0.316 வோல்ட். அதை மைக் துளையில் செருகினால் உடையாமல் என்ன செய்யும்? ரெக்கார்டரில் லைன் உள்ளீடு என்று ஒன்று தனியாக இருக்கிறதா, மெனுவில் மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மலிவான சிறிய கருவிகள் சிலவற்றில் மைக் துளை மட்டும்தான் உண்டு. மிக்சரிலிருந்து எடுக்கும் எண்ணம் இருந்தால் அவற்றைத் தொடாதீர்கள். தொழில்முறை அளவான கூட்டல் 4 டிபியூவை (மேலே சொன்ன 1.23 வோல்ட்தான்) தாங்கும் என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

நான்காவது, மைக்கின் கேப்சூலே, அதாவது ஒலியை வாங்கும் பகுதியே, திணறுவது. அலைவடிவத்தில் தட்டை அவ்வளவு தெளிவாகத் தெரியாது, ஆனால் கேட்டால் ஒலி நசுங்கி, ஈரத்துணியால் மூடியதுபோல் இருக்கும். கருவியின் விவரக்குறிப்பில் அதிகபட்ச ஒலியழுத்தம் என்று ஒரு எண் இருக்கும் (இது காற்றிலுள்ள சத்தத்தின் அளவு, லெவல் பட்டையில் பார்க்கும் டெசிபல் வேறு). சிறிய ரெக்கார்டர்களின் உள் மைக்குகள் 120 டெசிபல் பக்கம் நிற்கும். டிரம்ஸுக்கு ஓரடி தள்ளி வைத்தால் அதைத் தாண்டுவது சர்வ சாதாரணம். குரலும் வயலினும் மட்டும் என்றால் 120 தாராளம். டிரம்ஸ், தவில், பெரிய ஆம்ப்ளிஃபயர் என்று இருந்தால் 130-க்கு மேல் தாங்கும் மைக்கைத் தேடுங்கள், அல்லது தள்ளி வையுங்கள். ரெக்கார்டரின் 3.5 மில்லிமீட்டர் துளையிலிருந்தே மின்சாரம் எடுக்கும் குட்டி மைக்குகளுக்கு இரண்டு மூன்று வோல்ட்தான் கிடைக்கிறது, அதனால் இன்னும் சீக்கிரம் திணறும். நடுவில் 9 வோல்ட் பேட்டரிப் பெட்டி ஒன்றைப் போட்டால் பல மைக்குகளுக்குத் தாங்குதிறன் நன்றாகக் கூடும். சின்னச் சாமான்தான், ஆனால் புது ரெக்கார்டர் வாங்காமல் தப்பித்தவர்கள் உண்டு.

இப்போது 32 பிட் ஃப்ளோட் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஜூம் எஃப்3 போன்ற கருவிகளில் கெயின் குமிழே, அதாவது லெவலை ஏற்றி இறக்கும் குமிழே, கிடையாது. எவ்வளவு சத்தமாக இருந்தாலும் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளும், பின்னால் கணினியில் ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். மேடையில் வாசிப்பவரே ரெக்கார்டரையும் பார்த்துக்கொள்ள வேண்டிய நிலையில் இது பெரிய நிம்மதி, மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன நான்கில் இது முதலாவதைத் தீர்க்கிறது, இரண்டாவதையும் பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. மூன்றாவது அந்தந்தக் கருவியின் உள்ளீட்டைப் பொறுத்தது. நான்காவதைத் தொடவே தொடாது. கேப்சூலில் உடைந்தது 32 பிட்டிலும் உடைந்தபடியே அழகாகப் பதிவாகும். ஜூம் எச்1 எசென்ஷியலும் 32 பிட் ஃப்ளோட் கருவிதான், ஆனால் அதன் உள் மைக்குக்குச் சொல்லப்படும் எல்லை அதே 120 டெசிபல்.

குரல் மட்டும் காணாமல் போய்விட்டது

ஒரு நண்பர் அனுப்பிய பதிவில் கீபோர்டின் எதிரொலி, கோரஸ், கிட்டாரின் ஓரங்கள் எல்லாம் இருந்தன. பாடியவர் மட்டும் பக்கத்து அறையில் நின்று பாடியதுபோல் இருந்தார். மிக்சர் நன்றாகத்தான் இருந்தது, மைக்கிலும் பழுதில்லை. குற்றவாளி ஒன்றரை அடிக் கேபிள்.

மிக்சரின் ஹெட்போன் துளையிலிருந்து ரெக்கார்டரின் எக்ஸ்எல்ஆர் உள்ளீட்டுக்கு (மூன்று ஊசி மைக் பிளக் செருகும் இடம், பேலன்ஸ்டு வகை) ஒரே கேபிள் போட்டிருந்தார். ஹெட்போன் பிளக்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கறுப்பு வளையங்கள் உலோகத்தை மூன்று துண்டாகப் பிரித்திருக்கும். நுனியில் இடது பக்க ஒலி, நடு வளையத்தில் வலது பக்க ஒலி, அடியில் பொது இணைப்பு. பேலன்ஸ்டு உள்ளீடோ அதே மூன்று இணைப்புகளை வேறு விதமாகப் புரிந்துகொள்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழி, இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பது வழியில் ஏறிக்கொண்ட இரைச்சல், அதைத் தள்ளிவிடு என்பதுதான் அதன் வேலை. குரல் எப்போதும் நடுவில்தான் வைக்கப்படும், இடதிலும் வலதிலும் ஒரே அளவு. அப்புறம் என்ன, குரலையும் இரைச்சல் என்று நினைத்துக் கழித்துவிட்டது.

இதற்கு எதிர்மாறான கோளாறு இன்னும் நயவஞ்சகமானது. மிக்சரின் பேலன்ஸ்டு வெளியீட்டை ரெக்கார்டரின் ஸ்டீரியோ துளையில் அதே வகைக் கேபிளால் செருகினால், இடது பக்கம் நேராகவும் வலது பக்கம் தலைகீழாகவும் பதிவாகும். ஹெட்போனில் கேட்டால் ஏதோ காதுக்குப் பின்னால் கேட்பதுபோல் இருக்கும், ஆனால் கேட்கும். ஒற்றை ஸ்பீக்கரில் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மௌனமாகிவிடும். "ஹெட்போனில் வருகிறது, போன் ஸ்பீக்கரில் வரவில்லை" என்று யாராவது சொன்னால் கேள்வியே வேண்டாம், இதுதான். இந்த இரண்டாவது கோளாறுக்கு ஏற்கனவே எடுத்த பதிவையும் காப்பாற்றலாம். ஒரு பக்கத்தை அழித்துவிட்டு இன்னொரு பக்கத்தை இரண்டிலும் நகலெடுத்தால் போதும். முதலாவதற்கு வழியில்லை.

சரியான கேபிள் எது? ஸ்டீரியோவிலிருந்து வருவதென்றால் ஒரு முனை ஸ்டீரியோ பிளக்காகவும் மறுமுனை இடது வலது என்று இரண்டாகப் பிரிந்தும் இருக்க வேண்டும். ரெக்கார்டரில் இரண்டு உள்ளீடுகள் வேண்டும். பையில் இந்தப் பிரியும் கேபிள் ஒன்றும், எக்ஸ்எல்ஆர் கேபிள்கள் இரண்டும் எப்போதும் கிடக்கட்டும்.

மிக்சரிலிருந்து எடுத்தால் பாட்டு இருக்கிறது, வாத்தியம் இல்லை

கேபிள் சரி, எல்லாம் சரி. ஆனால் பதிவில் பாடகர் தனியாக நிற்கிறார், டிரம்ஸ் எங்கோ ஒரு நிழல்போல் கேட்கிறது. இதில் கோளாறு எதுவும் இல்லை. சின்ன ஹாலில் டிரம்ஸ் தானாகவே எல்லோருக்கும் கேட்கும், அதனால் ஒலிக்காரர் அதை ஸ்பீக்கரில் ஏற்றவே மாட்டார். மெதுவாகக் கேட்பதைத்தான் ஏற்றுவார். மிக்சரிலிருந்து வருவது ஹாலில் எது குறைவோ அதன் பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய மைதானத்தில் எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான் போக வேண்டும், அங்கே இதே கேபிள் நல்ல பதிவைத் தரும்.

ஒலிக்காரருக்கு நேரமும் மனமும் இருந்தால் மிக்சரில் ஸ்பீக்கருக்குப் போவதைத் தொடாமல் வேறு கலவை அனுப்பும் ஆக்ஸ் வெளியீடு ஒன்றை உங்களுக்காகத் தனியாகக் கலந்து தரச் சொல்லலாம். ஆனால் நாலு வாத்தியம் மைக்கே இல்லாமல் இருக்கும்போது ஆக்ஸ் என்ன செய்யும்? நான் பரிந்துரைப்பது நான்கு தட ரெக்கார்டர், அதாவது நான்கு ஒலிகளைத் தனித்தனியாகப் பதியும் கருவி. இரண்டு தடத்தில் மிக்சர், இரண்டு தடத்தில் ரெக்கார்டரின் சொந்த மைக்குகள் ஹாலைக் கேட்டுக்கொண்டிருக்கும். பின்னால் இரண்டையும் கலந்தால் மிக்சர் தெளிவைத் தரும், ஹால் மைக் டிரம்ஸையும் கைதட்டலையும் தரும். சொந்தமாக ஒரே ஒரு கருவிதான் வாங்கப்போகிறீர்கள், மேடைகளோ தினம் ஒரு விதம் என்றால், இந்த வகைதான் கடைசி வரை கைகொடுக்கும்.

கலக்கும்போது ஒரு சிக்கல் வரும். ஒலி விநாடிக்கு சுமார் 343 மீட்டர்தான் போகிறது. மைக் மேடையிலிருந்து 10 மீட்டர் தள்ளி இருந்தால் அதில் எல்லாமே 29 மில்லிவிநாடி தாமதமாக வரும். அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடியும் இரண்டாக விழுந்து குழம்பும். மிக்சர் தடத்தை அந்த அளவு பின்னுக்குத் தள்ளுங்கள். ஒரு ஸ்னேர் அடியை இரண்டு தடத்திலும் பெரிதாக்கிப் பார்த்து, முகடுகள் நேருக்கு நேர் வரும்வரை நகர்த்தினால் போதும், கணக்கே வேண்டாம்.

கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் கேட்கிறது

பெரும்பாலானோர் புது மைக் வாங்க ஓடுவது இந்தக் குறைக்காகத்தான். புது மைக் இதற்கு உதவாது.

திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் நேரடி ஒலி 6 டெசிபல் குறையும். அறைக்குள் சுவரில் மோதித் திரும்பும் ஒலியோ எங்கே நின்றாலும் கிட்டத்தட்ட ஒரே அளவு. ஒரு கட்டத்துக்கு மேல் தள்ளிப் போனால் மைக்குக்கு வாத்தியத்தைவிட அறைதான் அதிகம் கேட்கும். நம் காதும் மூளையும் சேர்ந்து அந்த அறையை ஒதுக்கிவிட்டு வாத்தியத்தைப் பிடித்துக்கொள்கின்றன, மைக்குக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. அதனால் கேட்பதற்கு நல்ல இருக்கை பதிவுக்கு நல்ல இடமாக இருக்காது. உங்கள் காதுக்கு "இது கொஞ்சம் கிட்ட" என்று படும் இடத்தில் மைக்கை வையுங்கள்.

அப்புறம் உயரம். மேசைமேல் கிடத்திய ரெக்கார்டருக்கு முன்வரிசையின் தலைகளும், மேசையில் பட்டுத் திரும்பும் ஒலியும்தான் கேட்கும். பெரும்பாலான ரெக்கார்டர்களின் அடியில் கேமரா ஸ்டாண்டில் மாட்டும் கால் அங்குலத் திருகுத் துளை இருக்கும். இரண்டரை மீட்டர் வரை ஏறும் ஒரு ஸ்டாண்ட் வாங்கி, தலைகளுக்கு மேலே தூக்கி, மேடையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்து வைத்துப் பாருங்கள். அதே ரெக்கார்டரா என்று கேட்பீர்கள். ஸ்டாண்டின் காலை யாரும் தட்டிவிடாதபடி ஒரு மூட்டை கனம் கட்டுவதையும் மறக்க வேண்டாம்.

வாத்தியம் ஒன்றிரண்டுதான், ஹாலும் நன்றாக இருக்கிறது என்றால் உள் மைக்குகள் இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக நிற்கும் அமைப்பே போதும். இடது வலது விரிவு போதவில்லை என்று தோன்றினால் வெளி மைக் இரண்டை 17 செண்டிமீட்டர் இடைவெளியில், 110 பாகை விரித்து வைத்துப் பாருங்கள். ஃபிரெஞ்சு வானொலிக்காரர்கள் புழக்கத்தில் கொண்டுவந்த ஓஆர்டிஎஃப் முறை அது. ஹெட்போனில் கேட்டால் வயலின் எங்கே உட்கார்ந்தது, மிருதங்கம் எங்கே என்று கை நீட்டிக் காட்டலாம். இரண்டையும் ஒரே கம்பியில் மாட்டும் பட்டைகள் கிடைக்கின்றன, கனம் ஒன்றுமில்லை.

உம்ம் என்று ஓயாமல் கேட்கிறது

மின்சாரத்தின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ், சில நாடுகளில் 60. அதுவும் அதன் மடங்குகளும் ஒலிக்குள் புகுந்திருக்கின்றன. முதல் சோதனை சுலபம். ரெக்கார்டரின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். சத்தம் நின்றால் மிக்சரும் சார்ஜரும் வெவ்வேறு இடத்தில் பூமி இணைப்பு எடுத்துக்கொண்டு ஒரு வட்டம் போட்டிருக்கின்றன. பேட்டரியிலேயே ஓட்டிவிடுங்கள், கையடக்கக் கருவி வாங்கியதன் லாபமே அதுதான். நிற்கவில்லையென்றால் நடுவில் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டிஐ பெட்டி ஒன்றைப் போட்டு, அதிலுள்ள பூமி துண்டிக்கும் சுவிட்சைத் தட்டுங்கள். எந்தக் காரணத்துக்காகவும் மின் பிளக்கின் பூமிக் காலை உடைத்து இந்தச் சத்தத்தை நிறுத்தாதீர்கள். உதட்டில் மைக்கையும் கையில் கிட்டாரையும் வைத்திருப்பவரின் உயிர் அந்தக் காலில்தான் இருக்கிறது.

உம்ம் இல்லாமல் டிக் டிக் டிர்ர் என்று விட்டுவிட்டு வந்தால் அது யாருடைய போனோ. பழைய இரண்டாம் தலைமுறை அலைபேசி அலைகள் விநாடிக்கு 217 தடவை துடிக்கும், பேலன்ஸ்டு இல்லாத மெல்லிய கேபிள் அதை வானொலிபோல் வாங்கிக்கொள்ளும். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள், அல்லது ரெக்கார்டரை விட்டு ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள்.

மெதுவான இடங்களில் சர்ர் என்ற இரைச்சல்

தனி வீணை, தனிக் குரல், ஆலாபனை எடுப்பவர்களுக்குத்தான் இந்தத் தலைவலி. ராக் பேண்டுக்கு இது காதிலேயே விழாது, அவர்கள் இதற்காகச் செலவழிக்க வேண்டாம்.

இங்கே இரண்டு எண்கள் பேசும். ஒன்று ப்ரீஆம்பின் சமான உள்ளீட்டு இரைச்சல், அதாவது ப்ரீஆம்ப் தானாகச் சேர்க்கும் இரைச்சல். மைனஸ் 125 டிபியூ அல்லது அதற்குக் கீழே இருந்தால் நல்லது, எஃப்3-க்கு மைனஸ் 127 என்று போட்டிருக்கிறார்கள். இன்னொன்று மைக்கின் சொந்த இரைச்சல், 14 டெசிபலுக்குக் கீழே இருந்தால் அமைதியான மைக்.

ஆனால் எண்ணைப் பார்ப்பதற்கு முன் மைக் எந்த வகை என்று பாருங்கள். ஷூர் எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக் வாயருகே வைத்துப் பாடுவதற்கானது. ஒரு பாஸ்கல் அழுத்தத்துக்கு அது 1.85 மில்லிவோல்ட்தான் தரும், கண்டென்சர் மைக்குகள் 10, 20 என்று தரும். எஸ்எம்58-ஐ வீணைக்கு நாலடி தள்ளி வைத்துவிட்டு கெயினை முழுக்க ஏற்றினால், ஏறுவது ப்ரீஆம்பின் இரைச்சல்தான். மைக்கை மாற்றுங்கள் அல்லது கிட்டக் கொண்டுபோங்கள். ரெக்கார்டர் மேல் குற்றமில்லை.

சத்தம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது

டிரம்ஸ் அடித்ததும் குரல் உள்ளே போகிறது, நிறுத்தியதும் ஹாலின் இருமல் எல்லாம் பொங்கி மேலே வருகிறது. தானியங்கி லெவல் ஆன் ஆகியிருக்கிறது. அணைத்துவிடுங்கள். பேச்சுக்காகச் செய்த வசதி அது. போனில் எடுத்ததென்றால் கூடவே இரைச்சல் நீக்கமும் வேலை செய்திருக்கும், அது தம்புராவையும் சிம்பலின் நீண்ட ஒலியையும் இரைச்சல் என்றே முடிவு கட்டும். இவற்றை அணைத்து, சுருக்காத வேவ் வடிவில் பதிவு செய்யவிடும் செயலி இருந்தால் போனே ஒப்பேறும். இல்லையென்றால் இதற்கு மேல் போனோடு மல்லுக்கட்டாமல் ஒரு சாதாரண ரெக்கார்டருக்குப் போய்விடலாம்.

தொம் தொம், ஃபூ ஃபூ

தொம் என்றால் மேடைப் பலகை வழியாகக் கால் தாளம் ஏறுகிறது. ஸ்டாண்டை மேடையைவிட்டு இறக்குங்கள், முடியாவிட்டால் அடியில் தடித்த நுரைப் பஞ்சு. ஃபூ என்றால் காற்று. மைக்கோடு வரும் நுரை உறை மூச்சுக்காற்றுக்கு மட்டும் போதும், திறந்த வெளிக்கு நாய்க்குட்டி ரோமம்போல் இருக்கும் உறைதான் வேண்டும். ஹாலுக்குள்ளேயே மின்விசிறிக்கு நேர் கீழே வைத்துவிட்டுத் திணறியவர்களும் இருக்கிறார்கள். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் சுவிட்ச் கொஞ்சம் உதவும், ஆனால் அது பாஸ் கிட்டாரின் அடியையும் சேர்த்தே வெட்டும். காற்று மைக்கையே திணறடித்திருந்தால் எந்த வெட்டும் பயன்படாது.

பாதியில் நின்றுவிட்டது, அல்லது இரண்டு ஃபைலாகப் பிரிந்துவிட்டது

பிரிந்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த கார்டில் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, சில ரெக்கார்டர்கள் 2 ஜிபியிலேயே வெட்டி அடுத்ததைத் தொடங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு சுமார் 1 ஜிபி. அதாவது 2 ஜிபி எல்லையுள்ள கருவியில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வெட்டும். 96 கிலோஹெர்ட்ஸில் எடுத்தால் ஒரு மணி நேரத்திலேயே வெட்டும், அதுவும் சரியாகத் தனி ஆவர்த்தனத்தின் நடுவில். இரண்டு ஃபைலையும் இடைவெளியில்லாமல் அடுத்தடுத்து ஒட்டினால் பெரும்பாலும் தடயமே தெரியாது. மேடைக் கச்சேரிக்கு 48 போதும், 96-ஆல் கார்டு நிறைவதுதான் மிச்சம்.

நின்றேபோயிருந்தால் பேட்டரியைப் பாருங்கள். 48 வோல்ட் ஃபேன்டம் பேட்டரியைக் குடிக்கும், பெட்டியில் போட்டிருக்கும் மணிக்கணக்கு பெரும்பாலும் அது இல்லாமல் எடுத்தது. ரீசார்ஜ் செல் போட்டிருந்தால் மெனுவில் பேட்டரி வகையை மாற்றுங்கள். அவை 1.2 வோல்ட்தான், 1.5 வோல்ட் ஆல்கலைன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் கருவி உயிர் இருக்கும்போதே காலி என்று சொல்லும். பவர் பேங்க் போட்டும் நின்றதென்றால் வேறு கதை. சிறிய ரெக்கார்டர் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, எதுவுமே செருகவில்லை என்று நினைத்துப் பல பவர் பேங்குகள் சிறிது நேரத்தில் தூங்கிவிடும். குறைந்த மின்னோட்டப் பயன்முறை உள்ளதாக வாங்குங்கள், உள்ளேயும் புது பேட்டரி இருக்கட்டும்.

கார்டைப் பொறுத்தவரை, ரெக்கார்டர் ஏற்கும் கொள்ளளவைத் தாண்டாதீர்கள். பழைய கருவிகள் பல 32 ஜிபியோடு நிற்கும். ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் நகலெடுத்துவிட்டு, கணினியில் அல்லாமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்யுங்கள்.

வீடியோவோடு சேர்த்தால் போகப் போக உதடு விலகுகிறது

முதல் பாட்டில் சரியாக இருந்து கடைசிப் பாட்டில் விலகினால் இரண்டு கருவிகளின் கடிகாரமும் ஒன்றல்ல. பத்து லட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி ஆகிவிடும், கண்ணுக்குத் தெரிய அது போதும். கச்சேரி தொடங்கும்போதும் முடிந்ததும் கேமராவுக்கு முன்னால் ஒரு தடவை கை தட்டுங்கள். தொகுக்கும்போது முதல் தட்டலைப் பொருத்தி, கடைசித் தட்டல் எவ்வளவு விலகியிருக்கிறதோ அந்த அளவு ஒலியை இழுத்தோ சுருக்கியோ விடலாம். அல்லது ஒவ்வொரு பாட்டாக வெட்டித் தனித்தனியே பொருத்துங்கள், நான் அப்படித்தான் செய்கிறேன். போனில் எடுத்த வீடியோவாக இருந்தால் அதன் படவேகமே ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். அதை முதலில் நிலையான படவேகத்துக்கு மாற்றிவிட்டு, அப்புறம் கைதட்டலைத் தேடுங்கள்.